மைக்கம்மா பேசாமல் இருந்த பதினெட்டு விநாடி

எங்கள் குடியிருப்பில் ஒரு செய்தி தரைத்தளத்தில் கிளம்பி ஐந்தாவது மாடிக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அன்றைக்கு என் வீட்டில் துவைக்க நிறைய துணி இருந்தால் முக்கால் மணி நேரம். இதை வம்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களும் கதவைத் திறந்து வைத்துக் கேட்கத்தான் செய்கிறார்கள், அதனால் நான் கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது மாடியில் எனக்கு நேர் எதிர்வீடு மைக்கம்மாவுடையது. முப்பத்தோரு வருஷம் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடை, எந்த வண்டி தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஓய்வு அவருக்குத்தான், குரலுக்கு இல்லை. சமையலறையிலிருந்து அவர், "சாப்பாடு தயார். மாப்பிள்ளை உடனடியா மேசைக்கு வரவும்" என்று சொன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

அந்த மாப்பிள்ளை ஒரு தனி ரகம். மனைவியோடு மாமியார் வீட்டிலேயே குடியிருப்பவர். நாலு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை. அவர் பேசி நான் கேட்டதைவிட இருமி நான் கேட்டது அதிகம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மாமியார் பேசும்போது இவர் தலையை மேலும் கீழுமாக ஆட்டுவார். பேச்சு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருப்பார். அதை வைத்துத்தான் அவர் கேட்கவே இல்லை என்று நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

மைக்கம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். அங்கே ஆரம்பித்து முதுகு வழியாகத் தோள்பட்டைக்குப் போகும். வலி எங்கே புறப்பட்டது, எங்கே நின்றது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவர் படிக்கட்டில் நின்று சொன்னதைக் கேட்டு இரண்டாவது மாடி கடிகாரக்காரர், "டிக்கெட் எங்கம்மா எடுக்கணும்?" என்று கேட்டார்.

பரிசோதித்ததில் பித்தப்பையில் கல். பையையே எடுத்துவிடணும் என்றார் சர்ஜன். ரத்தப் பரிசோதனையில் ஏதோ கொஞ்சம் கூடியிருந்ததால், கல் நழுவிப் பித்தக்குழாயில் எங்கேயாவது போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுக்கப்போவது யார்? மாப்பிள்ளைதான்.

மகள் பள்ளிக்கூடத்து டீச்சர், அன்றைக்குப் பரீட்சை வேலை. அதனால் நான் துணைக்குப் போனேன். கூப்பிட்டாரா என்று கேட்காதீர்கள். போனேன்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாதாம். மைக்கம்மா வளையல், சங்கிலி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி என் மடியில் போட்டார். கழற்றிக்கொண்டே மாப்பிள்ளைக்கு உபதேசம்.

"மாப்பிள்ளை, சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கு. நாலு பேர் வர்ற இடம். அப்புறம் நேத்து குளியலறைக் குழாயைச் சரியா மூடலை நீங்க. அந்த ஷூ என்ன, அதுக்கு பாலிஷ்னு ஒண்ணு உண்டுன்னு யாரும் சொல்லலையா?"

மாப்பிள்ளை தலை ஆட்டினார். "அத்தை, படுங்க. உள்ள மேல பாருங்க, சின்னதா மைக் இருக்கும். நீங்க பேசினா எனக்குக் கேட்கும், நான் பேசினா உங்களுக்குக் கேட்கும். 'மூச்சைப் பிடிங்க'ன்னு சொன்னா பதினெட்டு விநாடி பிடிச்சுக்கணும். பேசக்கூடாது, அசையக்கூடாது. இந்த ரப்பர் உருண்டை கையில இருக்கட்டும். முடியலைன்னா அமுக்குங்க, எனக்குத் தனியா மணி அடிக்கும்."

"மைக்கா?" மைக்கம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பழைய சிநேகிதியைச் சந்தையில் பார்த்த மாதிரி. "சிவப்பு லைட் உண்டா?"

"கதவுக்கு மேல எரியும்."

"அப்ப சரி. எனக்குச் சொல்லித் தராதீங்க."

பலகை அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும்வரை காலர் விஷயம் தொடர்ந்தது. தலை உள்ளே போய் மறைந்த பிறகும் குழாயிலிருந்து "ஷூ..." என்று ஒரு சத்தம் வந்தது. மாப்பிள்ளை வெளியே வந்து கதவைச் சாத்தினார். என்னைக் கடந்து கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் போனபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அன்றைக்கு அதை நான் சரியாகப் படிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மைக்கம்மா வெளியே வந்தார். வளையலைப் போட்டுக்கொண்டார். சங்கிலியைப் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நின்று என்னிடம் சொன்னார்: "ஒரு வார்த்தை பேசலை. சிவப்பு லைட் எரிஞ்சதுலேர்ந்து அணையற வரைக்கும், ஒரே ஒரு வார்த்தை பேசலை."

நான் சிரித்தேன். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். சிரித்ததோடு விட்டிருக்கலாம். வீடு வந்து லிஃப்டில் ஏறும்போது லிஃப்ட்காரர், "அம்மாவுக்கு ஸ்கேன் எப்படிப் போச்சு?" என்று கேட்டார். "மைக்கம்மா பேசின பேச்சுல மெஷினுக்கே தலைவலி வந்து மாத்திரை கேட்டுச்சாம்" என்றேன். சும்மா, வாய்க்கு வந்தது. அரை மணி நேரத்தில் அது ஐந்தாவது மாடிக்குப் போய்த் திரும்பி என்னிடமே வந்தது. வரும்போது மெஷின் ஒரு வாரம் லீவு கேட்டிருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். படம் எடுப்பதுதான் அவர் வேலை. படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது வேறொரு டாக்டர். மகள் அதை உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னாள். நான் அங்கே ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் வாங்கப் போனவள் அப்படியே கதவோரம் நின்றேன்.

"பித்தப்பையில பதினோரு கல் இருக்காம். பெரிய குழாயில கல் எதுவும் இல்லையாம். நல்லதுதான். அப்புறம்... பித்தப்பையோட கழுத்துக்கிட்ட குழாய் ரெட்டையாத் தெரியுதாம். படம் எடுக்கும்போது நோயாளி தொடர்ந்து பேசினதால வந்த கலங்கலா இருக்கலாம்னு போட்டிருக்கு."

வீடு அமைதியானது. அந்த வீட்டில் அமைதி என்றால் குக்கர் சத்தம் கேட்கிறது என்று அர்த்தம்.

"என்னது?" என்றார் மைக்கம்மா.

"நோயாளி தொடர்ந்து பேசினதால..."

"யார் எழுதினது?"

"டாக்டர், அம்மா."

"அந்த டாக்டர் அங்கேயா நின்னார்? அவருக்கு யார் சொன்னது?"

மகள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் மின்விசிறியைப் பார்த்தார். அதில் மூன்று இறக்கை இருப்பதை அப்போதுதான் எண்ணிப் பார்க்கிற மாதிரி.

"குறிப்புல எழுதணும் அத்தை. படம் எப்படி எடுத்தோம்னு. வழக்கமா எழுதறதுதான்."

"நான் பேசினேன்னு எழுதினீங்களா?"

"அம்மா, விடு," என்றாள் மகள். "நீ முக்கால் மணி நேரம் பேசாம இருந்தேன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க?"

"நீ நம்ப மாட்டியா?"

மகள் உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று கதவோரம் நின்ற எனக்கே தெரிந்தது. எனக்கு அடக்க முடியவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மைக்கம்மா அன்றைக்கே அறிவித்துவிட்டார். அந்த ஒரு வரியை எடுக்காமல் ஆபரேஷன் மேசையில் ஏறமாட்டார். "முப்பத்தோரு வருஷம். மைக் உயிரோட இருக்கும்போது ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை நான். என் பேர்ல இப்படி ஒரு எழுத்தா?"

வரியை எடுக்க யாரும் அசையவில்லை. ஆபரேஷன் நாள் மட்டும் வந்துவிட்டது. முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த மைக்கம்மா கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அது உண்ணாவிரதம் என்று நர்ஸிடம் சொன்னார். கோரிக்கை நிறைவேறும்வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டாராம்.

"ரொம்ப நல்லதும்மா," என்றாள் நர்ஸ். "நாங்களும் அதைத்தான் சொன்னோம்."

மகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நான் வழக்கம்போல வந்திருந்தேன். ஒன்பது மணிக்கு சர்ஜன் வந்தார். குள்ளமான அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நிற்பார். ஆஸ்பத்திரியில் இந்தப் பழக்கத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

"ஏன் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

மைக்கம்மா சொன்னார். பஸ் நிலையம், சிவப்பு லைட், தும்மல், ரிப்போர்ட்டில் உள்ள வரி, எல்லாம். சர்ஜன் எப்போது சிரிப்பார், கூடச் சேர்ந்து சிரிக்கலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. லேப்டாப்பை வாங்கிக் கட்டிலின் ஓரத்தில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அம்மா, எனக்கு ஒரே வார்த்தையில பதில் வேணும். உள்ள இருக்கும்போது பேசினீங்களா?"

"இல்லை," என்றார் மைக்கம்மா.

உண்மையிலேயே ஒரே வார்த்தை. நான் அந்த வீட்டுக்கு எதிரில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். அப்படி ஒரு பதிலை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

"எனக்கும் அதான் உறுத்துது," என்றார் சர்ஜன். "பதினோரு கல்லும் தெளிவா இருக்கு, ஒவ்வொண்ணா எண்ணலாம். ஆள் அசைஞ்சிருந்தா கல்லும் ரெட்டையாத் தெரியணுமே? குழாய் மட்டும் ஏன் ரெட்டை?"

"அதனால என்ன டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"இது கலங்கல்னா ஒண்ணுமில்லை, வழக்கமான ஆபரேஷன். ஆனா கலங்கல் இல்லைன்னா, அங்க நிஜமாவே இன்னொரு குழாய் இருக்குன்னு அர்த்தம். கல்லீரலோட வலது பக்கத்துலேர்ந்து பித்தம் கொண்டுவர்ற குழாய். அது பெரிய குழாயில போய்ச் சேரணும். ரொம்ப அபூர்வமா சிலபேருக்குப் பித்தப்பைக் குழாய்லயே வந்து சேர்ந்துக்கும். அது தெரியாம நான் பித்தப்பைக் குழாயோட சேர்த்து வெட்டிட்டேன்னு வைங்க, அந்தப் பகுதியோட பித்தம் முழுக்க வயித்துக்குள்ள ஒழுகும். காய்ச்சல், காமாலை, மறுபடி பெரிய ஆபரேஷன். மாசக்கணக்குல படுக்கை. அதுவும் பிழைச்சுக்கிட்டா."

மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அபூர்வம்தானேன்னு நினைக்கற அன்னிக்குத்தான் கை தப்பும்," என்றார் சர்ஜன். "இவங்க பேசினாங்கன்னு குறிப்பு எழுதினது யாரு? கூப்பிடுங்க."

மாப்பிள்ளை வந்தார். காலர் இன்னும் ஒரு பக்கம் மடங்கித்தான் இருந்தது.

"பேசினாங்கன்னு எழுதியிருக்கீங்க. காதால கேட்டீங்களா?"

"கட்டை விரல் ஆடிட்டே இருந்துச்சு டாக்டர். கண்ணாடி வழியா கால்தான் தெரியும். இவங்க திட்டும்போது அப்படித்தான் ஆடும்."

"விரலைப் பத்திக் கேட்கலை. காதைப் பத்திக் கேட்டேன்."

சர்ஜன் காத்திருந்தார். மாப்பிள்ளை மின்விசிறியைத் தேடினார். அந்த அறையில் ஏ.சி. பிறகு மனைவியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், வேறு போக்கிடம் இல்லாமல் என்னைக்கூடப் பார்த்தார்.

"சத்தத்தைக் குறைச்சு வச்சிருந்தேன்," என்றார்.

"எவ்வளவு?"

"முழுசா."

"ஏங்க!" என்றாள் மகள்.

"அவசர மணி தனியா வேலை செய்யும். அதை நான் தொடலை, சத்தியமா. அவங்க உள்ள போகும்போது ஷூவைப் பத்திப் பேசிட்டே போனாங்க. கை தானாப் போயி அந்தத் திருகைத் திருப்பிடுச்சு. பேசிட்டேதான் இருப்பாங்கன்னு..."

"அப்ப நீங்க கேட்டு எழுதலை," என்றார் சர்ஜன். "நினைச்சு எழுதியிருக்கீங்க."

அதை அவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எனக்கு லிஃப்ட்காரர் ஞாபகம் வந்தது. மெஷின் கேட்ட மாத்திரையும் ஞாபகம் வந்தது.

மைக்கம்மா கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் மாப்பிள்ளையைப் பார்க்காமல், சர்ஜனிடம் ஒரு பணிவோடு விளக்கினார்: "விரல் ஆடினது நிஜம்தான் டாக்டர். விநாடி எண்ணினேன். மைக் முன்னாடி கையால தாளம் போட்டா மேசைச் சத்தம் ஒலிபெருக்கியில போயிடும். அதனால நாங்க கால் கட்டை விரலாலதான் எண்ணுவோம். பதினெட்டுன்னு சொன்னார், பதினெட்டு வரைக்கும் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும்."

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. மத்தியானம் மறுபடி ஸ்கேன். இந்தத் தடவை சர்ஜனே கண்ணாடி அறையில் வந்து நின்றார். ரிப்போர்ட் எழுதிய டாக்டரையும் வரச்சொல்லிவிட்டார். மகளும் உள்ளே. எனக்கு அனுமதி இல்லை. ஆனால் கதவு பாதி திறந்திருந்தது. பாதி திறந்த கதவு எனக்கு முழு அழைப்பு.

சர்ஜன் குனிந்து, அந்தத் திருகைத் தன் கையாலேயே கடைசிவரை திருப்பினார். ஒலிபெருக்கியில் மைக்கம்மாவின் மூச்சு எங்கள் காதுக்குள்ளேயே விடுகிற மாதிரி கேட்டது.

மாப்பிள்ளை பொத்தானை அமுக்கினார். தொண்டையைச் செருமினார். இந்த மனிதர் பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு மொத்தமும் அந்தச் செருமலில் வழி தேடியது.

"அத்தை."

"சொல்லுங்க."

"தப்பு என் மேலதான். நீங்க பேசலை. நான்தான் கேட்கலை. அன்னிக்கு மட்டும் இல்லை, வீட்டுலயும் பாதி நாள் கேட்கறதில்லை. மன்னிச்சிடுங்க." ஒரு மூச்சு விட்டார். "இப்ப மூச்சை இழுத்துப் பிடிங்க. பேசாதீங்க. அசையாதீங்க."

மெஷின் கடகடவென்று ஆரம்பித்தது.

இதை இன்றுவரை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் அப்பாவியா, கைகாரரா? மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க ஓர் ஆள் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள். பதினெட்டு விநாடிக்குப் பதில் வர முடியாத இடம். எங்கள் குடியிருப்பில் எத்தனையோ மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருத்தருக்காவது இது தோன்றியிருக்குமா?

ஆனால் அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு பாதம் தெரிந்தது. பதினோரு வருஷம் காத்திருந்த வார்த்தை காதில் விழுந்திருக்கிறது. பதில் தொண்டைவரை வந்து நிற்கும். பாதி நாள் கேட்கறதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு மட்டுமே அரை மணி நேரம் பதில் சொல்லலாம். ஒரு முனகல் வந்தால் போதும், படம் கலங்கும். கலங்கினால் அந்த இரண்டாவது குழாய் நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியாது.

இடது கால் கட்டை விரல் எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது. பதினொன்றில் விரல் ஒரு கணம் நின்றது. ஐயோ, போச்சு என்று நினைத்தேன். இல்லை, திரும்ப ஆரம்பித்தது. பதினைந்து. பதினாறு. ஒலிபெருக்கியில் மெஷின் சத்தத்தைத் தவிர ஒரு சுவாசம்கூட இல்லை. பதினெட்டு.

திரையில் படம் வந்தது. ரிப்போர்ட் டாக்டர் முன்னால் குனிந்தார். கற்கள் பதினொன்றும் அதே தெளிவு. அவற்றுக்குப் பக்கத்தில், கல்லீரலின் வலது பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு இறங்கி வந்து, பித்தப்பையின் குழாயில் சாவகாசமாகச் சேர்ந்திருந்தது. முந்தின படத்தில் இருந்த அதே இடம்.

"நிஜம்," என்றார் சர்ஜன்.

ரிப்போர்ட் டாக்டர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"மூச்சு விடலாம் அத்தை," என்றார் மாப்பிள்ளை.

ஒலிபெருக்கியில் பெரிய காற்று ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து மைக்கம்மா வந்தார். "மாப்பிள்ளை, பாதி நாள்னு சொன்னீங்களே, எந்தப் பாதி? தேதி வாரியா வேணும் எனக்கு. போன வருஷம் மழைக்கு முன்னாடி மொட்டைமாடித் தொட்டியைக் கழுவச் சொன்னேனே, அது கேட்ட பாதியா, கேட்காத பாதியா? முதல்ல அந்தக் காலரை..." மாப்பிள்ளையின் கை திருகுப் பக்கம் போனது. சர்ஜன் திரும்பிப் பார்த்தார். கை மடிக்குத் திரும்பியது.

மறுநாள் ஆபரேஷன். சாதாரணமாக ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மகள் ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை போவார், திரும்பி வருவார். ஒருதடவை என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, அவங்க மட்டும் அந்த வரிக்குச் சண்டை போடாம கையெழுத்துப் போட்டிருந்தா?"

அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கழித்து சர்ஜன் வெளியே வந்தார். தொப்பி நனைந்திருந்தது. ஒரு காகிதத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். "மெதுவா ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்த்தேன். சாயம் செலுத்தி எக்ஸ்ரேயும் எடுத்தேன். அந்தக் குழாய் அங்கதான் இருந்துச்சு. வழக்கமா குழாயை அடைக்க எங்க கிளிப் போடுவேனோ, அங்க போட்டிருந்தா அதுவும் சேர்ந்து போயிருக்கும். இப்ப பித்தப்பையை ஒட்டினாப்ல வெட்டியிருக்கேன். எல்லாம் பத்திரம். பார்க்கறதுக்குப் பித்தப்பைக் குழாயோட வளைவு மாதிரியே இருந்துச்சு, முன்னாடியே தெரியலைன்னா..." அவர் முடிக்கவில்லை. மாப்பிள்ளை அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காலரையும் சரிசெய்துகொண்டார்.

மூன்றாம் நாள் மைக்கம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது, சாய்ந்து உட்கார்ந்து கடிகாரக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"பித்தப்பைங்கறது டிப்போ மாதிரி. டிப்போவிலேர்ந்து ஒரு ரோடு மெயின் ரோட்டுக்குப் போகுது. எல்லாருக்கும் அந்த ரோட்டுல டிப்போ வண்டி மட்டும்தான் ஓடும். எனக்கு? பக்கத்து ஊர் பஸ்ஸும் அதே ரோட்டுல வந்து சேருது. இப்ப டிப்போவை மூடறாங்க. ரோட்டை எங்க அடைக்கணும்? டிப்போ வாசல்ல. ஜங்ஷன்ல அடைச்சா அந்த ஊர்க்காரங்க கதி என்ன?"

"அதானே," என்றார் கடிகாரக்காரர். இத்தனை நாள் படித்த டாக்டர்களைவிட மைக்கம்மா தெளிவாகச் சொல்கிறார் என்று எனக்கே தோன்றியது. ஆனால் வெளியே சொல்லவில்லை.

அவர் போனதும் மைக்கம்மா என் பக்கம் திரும்பினார். "வாடி எதிர்வீடு. மெஷினுக்குத் தலைவலி எப்படி இருக்கு?"

நான் வந்த வழியே நழுவப் பார்த்தேன். "அக்கா, அது சும்மா விளையாட்டுக்கு..."

"தெரியும். நல்லாத்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கு, அந்த நர்ஸ் பொண்ணுதான் சொன்னா. தையல் பிரிஞ்சிடும்னு சிரிக்காமப் படுத்திருந்தேன்." தலையணைக்குக் கீழேயிருந்து புது ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை எடுத்து நீட்டினார். 'நோயாளி முழுமையாக ஒத்துழைத்தார்' என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. "எந்த வழியா அதைச் சொன்னியோ, அதே வழியா போயி இதைச் சொல்லிட்டு வா."

போனேன். மாடி மாடியாக, கதவு கதவாக. அரை மணி நேரத்தில் ஐந்து மாடி ஏறுகிற என் வாய்க்கு இது இரண்டு நாள் பிடித்தது. "அப்படியா, பேசவே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, "ஆனா அந்த மாத்திரை விஷயம் நல்லாயிருந்துச்சே" என்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள். நாலாவது மாடியில் ஒருத்தி, எனக்கும் அவருக்கும் சண்டை தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். எந்தச் சண்டை என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் காகிதத்தை நீட்டி, சிவப்புக் கோட்டைக் காட்டி, கால் கட்டை விரலால் எண்ணியும் காட்டவேண்டியிருந்தது.

திரும்பி வந்து சோபாவில் விழுந்தேன். "பதினேழு வீடு அக்கா. ஒண்ணு விடலை."

"லிஃப்ட்காரர்?"

எழுந்து போய் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை வேலை முடிந்து வந்திருந்தார். ஸ்கேன் அறையில் அந்தத் திருகு முழுசாகத் திறந்தபடியே நிற்கட்டும் என்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாராம், மகள் சொன்னாள். இப்போது மாமியாருக்கு எதிரில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டவில்லை. மைக்கம்மா மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஆரம்பித்தார்.

"அது போன வருஷம் இல்லை அத்தை," என்றார் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கழித்து. "அதுக்கு முந்தின வருஷம். போன வருஷம் நீங்க சொன்னது ஜன்னல் கம்பி."

மைக்கம்மா நிறுத்தினார். மாப்பிள்ளையை ஒரு நிமிஷம் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். கட்டை விரல் ஆடவில்லை.

"சரி," என்றார். "அப்ப ஜன்னல் கம்பியிலேர்ந்து வருவோம்."

அவர் வந்தார். மாப்பிள்ளை கேட்டார். குக்கர் மூன்று தடவை கத்தி ஓய்ந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. போய் நாலு பேரிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். பிறகு, சொல்வதென்றால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லலாமே என்று உட்கார்ந்துவிட்டேன்.